அணை நீர்மட்டத்தை இசக்கி பாடிய நாள்

நேரலையில் நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் எனக் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கையில் கொடுத்திருக்கும் நடைமுறைக் கையேட்டில் இருக்கிறது. அதில் பாதியை எழுதியவன் நான். அதனால் அது எதற்குப் பயன்படும் என்றும் எனக்குத் தெரியும். தவறு நடந்து முடிந்தபின், எந்தப் பத்தியை மீறினீர்கள் என்று விசாரணையில் சொல்வதற்குப் பயன்படும். தவறு நடந்துகொண்டிருக்கும்போது அதைப் புரட்ட யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

அந்த நேரத்தில் கைகொடுப்பது சந்தேகம் ஒன்றுதான். வானொலியில் நமக்கு முகம் தெரியாது, குரல்தான் தெரியும். ஒரு காலத்தில் விருப்பப் பாடல் நிகழ்ச்சிக்கு வள்ளியூரிலிருந்து ஒரு தாத்தா, ஒரு கல்லூரி மாணவர், ஒரு லாரி ஓட்டுநர், ஒரு மளிகைக் கடைக்காரர் என்று நான்கு பேர் மாறி மாறிப் போனில் பேசுவார்கள். நான்கு பேருக்குப் பின்னாலும் ஒரே சுவர்க்கடிகாரம், ஒரே மாதிரி இருமிவிட்டு மணி அடிக்கும். ஒரு நாள் லாரி ஓட்டுநரிடம், "கடையில யாவாரமெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பரவால்ல சார், அரிசிதான் மந்தமா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு வள்ளியூரிலிருந்து ஒரே ஆள்தான் பேசினார்.

ஆகவே என் காதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அந்தக் காதே என்னை வேறு பக்கம் இழுத்த ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, 'ஆத்துக்கு அந்தப் பக்கம்' என்று ஓர் ஆல்பம் வந்தது. எட்டுப் பாட்டு, எட்டிலும் ஒரே பெண் குரல். பாப்பும் ராக்குமாகக் கலந்த இசை. பாளையங்கோட்டையில் படித்து முடித்த இரண்டு இளைஞர்கள், ஒருவர் கிடார், ஒருவர் டிரம்ஸ், வள்ளியூரில் மோட்டார் காயில் கட்டும் ஒரு கடையின் மாடியில் வைத்துப் பதிவு செய்தது. பாடியவர் பெயர் இசக்கி. ஏரல்காரர், நாற்பதைத் தாண்டியவர். அதுவரை கோயில் கொடைத் திருவிழாக்களில் இன்னிசைக் கச்சேரி மேடையில் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்.

நல்ல கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆனாலும் அந்த ஆல்பம் ஓடிய ஓட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. மினி பஸ்ஸில் அது. ஜவுளிக்கடையில் அது. என் பல் டாக்டர் அதைப் போட்டுவிட்டுத்தான் எனக்குப் பல் பிடுங்கினார். சென்னையில் இருக்கும் என் மகள் போனில், "அப்பா, உங்க ஊர்ல இப்படி ஒரு பொம்பளை இருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றாள். எனக்கே தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்தக் குரலில் ஒரு விசேஷம் உண்டு. மேலே ஏறும்போது ஓர் இடத்தில் கிழியும். புதுத் துணியைக் கத்தரிக்கோல் இல்லாமல் கையால் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது பாட்டில் அது இரண்டு முறை வரும். கணினியில் சுருதியைச் சரிசெய்யலாம், தூக்கலாம், இறக்கலாம். அந்தக் கிழிசலை அப்படிச் செய்ய முடியாது. ஒரு தொண்டையிலிருந்துதான் வரவேண்டும். யாருடைய தொண்டை என்பதுதான் பிறகு கேள்வியாயிற்று.

ஊரே கேட்கும்போது நாமும் கூப்பிட வேண்டியதுதானே. மாலை நாலு மணிக்குத் தொடங்கும் நேரலைக்கு இசக்கியை அழைத்தோம். வருவதாகச் சொன்னார்கள், ஒரு நிபந்தனையோடு: பேட்டி மட்டும்தான், பாட்டு ஆல்பத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள், அங்கே பாட மாட்டார்.

பாட்டால் பெயர் வாங்கியவர், வானொலிக்கு வந்து பாட மாட்டேன் என்கிறார். நான் அதைக் குறித்துவைத்துக்கொண்டேன். பெரிய விருந்தினர் வந்தால் ஒலிவாங்கி முன் நானே உட்காருவது வழக்கம். அன்றைக்கும் நான்தான் என்று முடிவு செய்தேன்.

அன்று மூன்று மணிக்குச் சற்று முன்பு கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். இசக்கி பாடிக்கொண்டிருந்த இன்னிசைக் குழுவின் உரிமையாளர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, எதையும் இரண்டு முறை யோசித்துச் சொல்கிற மனிதர். நம் பக்கத்தில் அம்மன் கோயில் கொடை என்றால் அவர் மேடையைத்தான் முதலில் கேட்பார்கள். வாக்கு மாறாதவர் என்று பெயர்.

"நான் பொறாமையில வந்திருக்கேன்னு நெனைக்கப்படாது சார்" என்றார்.

"சே, நினைப்பேனா அண்ணாச்சி" என்றேன். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அந்தப் பாட்டுல உள்ளது இசக்கி கொரலு கெடையாது."

"எப்படிச் சொல்லுதிய?"

"இருவது வருஷம் எம் பக்கத்துல நின்னு பாடுனவ. எம் பொண்டாட்டி இருமுனா கூட அடுத்த வீட்டுக்காரின்னு நெனச்சிருவேன். இவ கொரலு எனக்குத் தப்பாது. எவளோ மெட்ராஸ்ல உள்ள பிள்ளைய வச்சுப் பாடி எடுத்துட்டு, இவ வாய அசைக்கா. அந்தப் பயலுவ இவள முன்னால நிறுத்தி வச்சிருக்கானுவ." சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல இருவது வருஷக் கச்சேரி இருக்கு. போட்டுப் பாருங்க. நாலு மணிக்கு நீங்க அவள வச்சு நடத்தும்போது, வெளிய ஒக்காந்து நான் போன் போடுவேன். ஊரு கேக்கக் கேப்பேன். ஒங்ககிட்ட முன்னாலயே சொல்லிட்டுச் செய்யணும்னுதான் வந்தேன்."

வெட்டப் போகிறவர் முன்கூட்டி வந்து சொன்னால், அவர் யோக்கியராக இருக்க வேண்டும் அல்லது நம்மைப் பயமுறுத்தி நிகழ்ச்சியை நிறுத்த வந்தவராக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடம் விட்டு, "உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காருவதற்குள் தொலைபேசி. அன்று மாலை பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்தில் இசக்கியின் முதல் தனி நிகழ்ச்சி. அதன் ஏற்பாட்டாளர், சென்னைக்காரர். "சார், ஒரு பெரியவர் எங்களுக்கும் போன் பண்ணாரு. வாய்ஸே அவங்களுது இல்லங்கறாரு. கூட்டம் வந்து ஸ்டேஜ ஒடைச்சா யாரு பதில் சொல்றது? நாங்க ஒரு முடிவு எடுத்துட்டோம். உங்க நாலு மணி ப்ரோக்ராமைக் கேப்போம். அதுல சிக்கல் இல்லாம முடிஞ்சா ஷோ. இல்லேன்னா கேன்சல்."

ஆக, ஒரு பெண்ணின் பிழைப்பு என் ஒரு மணி நேரத்தில் வந்து விழுந்தது. அண்ணாச்சியின் குழுவை விட்டு ஏற்கெனவே விலகிவிட்டார். இந்த மேடை போனால், பொய்க்குரல்காரி என்று பெயரெடுத்தவரை இந்த மாவட்டத்தில் வேறு எந்தக் குழுவும் ஏற்றாது.

கையேடு இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. விருந்தினர் மீது புகார் வந்தால் நேரலையை ஒத்திவைத்து, முன்பே பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்ப வேண்டும். நான் எழுதிய பத்திதான். அப்படிச் செய்தால் என்னை யாரும் கேட்க முடியாது. ஒத்திவைத்ததைச் சென்னைக்காரர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பது மட்டும் அந்தப் பத்தியில் இல்லை.

இசக்கி ஏரலிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திறங்கினார். இளைஞர்கள் இருவரும் மைதானத்தில் மேடை வேலையில் இருந்தார்கள். பருத்திப் புடவை, தோளில் ஒரு பை, தலையில் பிச்சிப்பூ. வணக்கம் சொன்ன கையை இறக்குவதற்குள் கேட்டார்: "பாடச் சொல்ல மாட்டியள்லா சார்?"

"பாடினா என்னம்மா?"

"இங்கன எனக்கு வராது. ரெண்டு தடவ இதே எடத்துல பாடித் தோத்தவ நான்."

நம் நிலையத்தின் குரல் தேர்வைச் சொன்னார். உங்களுக்குத் தெரியும்: பாடுகிறவர் ஓர் அறையில், மதிப்பிடுகிறவர்கள் வேறோர் அறையில். பெயர் தெரியாது, எண் மட்டும்தான். நான் வேறு ஊரில் வேலை பார்த்த காலத்தில் அவர் இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் ஒரே பதில்: 'சொந்தக் குரல் இல்லை.'

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. சொந்தக் குரல் இல்லை என்று நிபுணர்களே சொன்னவருக்கு நாற்பது வயதில் இப்படி ஒரு குரல் எங்கிருந்து முளைத்தது? புகாரை மறைக்காமல் சொன்னேன். கோபப்படுவார், அழுவார், யாரையாவது ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அண்ணாச்சியா சொன்னாவ?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அவுக பொய் சொல்ல மாட்டாவளே" என்றார்.

குற்றம் சாட்டப்பட்டவரே புகார் கொடுத்தவருக்கு நற்சான்று கொடுத்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அதையேதான் நானும் நினைத்தேன்.

முறைப்படி சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். இசக்கியை ஸ்டூடியோவில் உட்கார வைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் நானும் ஒலிப்பதிவாளர் ஆவுடையப்பனும் இருந்தோம். புகார்தாரர் முன்னிலையில் நடப்பதே நியாயம் என்று கோமதிநாயகத்தையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். குரல் தேர்வுக்கு என்று வைத்திருக்கும் பாட்டுகளையே கொடுத்தேன்: பழைய படத்துத் தாலாட்டு ஒன்று, அம்மன் பாட்டு ஒன்று, வேகமான காதல் பாட்டு ஒன்று.

பாடினார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் குறை. தாலாட்டு, அதை முதலில் பாடிய பழைய பாடகியின் குரலிலேயே வந்தது. அவர் மூச்சு வாங்குகிற இடத்தில்கூட இவரும் வாங்கினார். அம்மன் பாட்டு இன்னொருவர். காதல் பாட்டு மூன்றாமவர். ஆல்பத்துக் குரல் எதிலும் இல்லை.

ஆவுடையப்பனும் நானும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். தனியாக இருக்கும்போது மட்டும்தான் என்னை 'வே' போட்டுப் பேசுவார். அன்று பக்கத்தில் ஆள் நிற்பதை மறந்துவிட்டார். "கண்ண மூடுனா அந்தப் பழைய அம்மாவே வந்து ஒக்காந்த மாதிரிலா இருக்கு வே!"

ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, "ஆல்பத்துல மூணாவது பாட்டை ஒரு நாலு வரி பாடுங்கம்மா" என்றேன்.

இசக்கி கண்ணாடி வழியே எங்களைப் பார்த்தார். கோமதிநாயகத்தைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து தொடங்கினார். சொல் அதே சொல், மெட்டு அதே மெட்டு. குரல் மட்டும் அந்தப் பழைய பாடகியுடையது. கிழிய வேண்டிய இடம் வந்தது, வழுக்கிக்கொண்டு போயிற்று. அழகாக இருந்தது, உயிர் இல்லை. அவருக்கே தெரிந்தது. பாதியில் நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தியளா சார்? இதுதான் இசக்கி. அதுல உள்ளது எவளோ" என்றார் கோமதிநாயகம். ஜெயித்த குரலில் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் அவரை நம்பிவிட்டேன். ஒத்திவைப்பு அறிவிப்பை மனதுக்குள் எழுதவும் தொடங்கிவிட்டேன். ஆனால் ஒருவரை முழுதாக நம்பினால் எனக்கு உடம்புக்கு ஆகாது. பென் டிரைவை ஆவுடையப்பனிடம் கொடுத்துப் போடச் சொன்னேன்.

ஒரு பாட்டில் ஒரு வரி கேட்டதும் நிறுத்தி, "இது யாரு அண்ணாச்சி?" என்றேன்.

"இசக்கிதான்."

அடுத்தது வேறு மாதிரி இருந்தது. "இது?"

"அதுவும் அவதான். இது அந்தப் பெரியம்மா கொரல்ல பாடுனது. பொங்கலுக்கு மறுநாள் நடந்த கச்சேரி. ஒன்ஸ்மோர் கேட்டானுவ."

"இது?"

"இது அந்த மலையாளத்து அம்மா கொரலு."

இப்படியே பத்துப் பதினைந்து பாட்டுத் தாண்டியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன்: "இதுல இசக்கி கொரல்ல இசக்கி பாடினது எது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாம் அவதான் சார்."

"எல்லாம் அவங்கதான். அவங்க கொரல் எது?"

"அவ கொரல்ல எதுக்கு சார் பாடணும்? கொடைக்கு வந்து ஒக்காந்திருக்கவன் அதையா கேக்க வாரான்? கேசட்டுல உள்ள மாதிரியே இருக்கணும். கொஞ்சம் மாறுனாலும் ஏலே, பாட்ட மாத்துலேன்னு கல்லத் தூக்கிருவான்."

ஆக, அவர் கொண்டுவந்த அத்தாட்சி அத்தாட்சியே அல்ல. இருபது வருடப் பதிவில் அந்தப் பெண் ஒரு வரிகூட இல்லை. ஆனால் இதனால் ஆல்பத்துக் குரல் அவருடையது என்று ஆகிவிடுமா? ஆகாது. அவருடையது அல்ல என்பதற்குச் சாட்சி இல்லை, அவ்வளவுதான். அவருடையது என்பதற்கும் இல்லை. நீங்கள் பழக வேண்டிய பாடங்களில் இது ஒன்று. ஒருவர் பக்கம் ஓட்டை என்று கண்டுபிடித்ததும், எதிர்ப்பக்கம் கெட்டியாகிவிட்டதாக நமக்குத் தோன்றும்.

கோமதிநாயகத்தைப் பார்வையாளர் அறையில் போய் உட்காரச் சொன்னேன். போகிற வழியில் ஸ்டூடியோ கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். ஸ்டூடியோவின் ஒலிவாங்கி திறந்திருந்தது. பயன்படுத்தாதபோது அதை மூடிவைக்க வேண்டும் என்பது விதி. ஆவுடையப்பன் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏட்டி இசக்கி, இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல" என்று அவர் குரல் எங்களுக்குக் கேட்டது. "நான் பாடல, பயலுவ ஏமாத்திட்டானுவன்னு சொல்லிரு. மாசிக் கொடைக்கு மேடை இருக்கு. பழையபடி வந்து பாடு."

"நாந்தான பாடுனேன் அண்ணாச்சி."

"எங்கிட்டயே சொல்லுதியா? ஒங்கொரலு எனக்குத் தெரியாதா?"

நாற்காலி நகர்கிற சத்தம். மறுபடி அவர்தான்:

"அப்பம் ஒம் மவ மேல கை வச்சுச் சத்தியம் பண்ணு பாப்போம்."

"எம் பிள்ளைய இதுல இழுக்காதிய!"

ஒலியளவு முள் துள்ளி விழுந்தது. 'பிள்ளைய' என்ற சொல்லின் நடுவில் குரல் கிழிந்தது. புதுத் துணியைக் கையால் கிழிக்கிற சத்தம்.

ஆவுடையப்பன் பைய என் பக்கம் திரும்பினார். "கேட்டீரா வே?"

"கேட்டேன்."

"ஆனா கோவத்துல எல்லாருக்குந்தான் கிழியும். எங்க வீட்டம்மாவுக்கும் இப்படித்தான் வரும். அதுக்காக அவளும் ஆல்பம் போட்டிருக்கான்னு சொல்ல முடியுமா?"

அதுவும் சரிதான். ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நேரமும் இல்லை. கோமதிநாயகத்தைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்ப் பார்வையாளர் அறையில் உட்கார வைத்தேன். அங்கே சுவர் ஒலிபெருக்கியில் நம் ஒலிபரப்பு கேட்கும். அவர் கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது கணக்குப் போட்டேன். ஒத்திவைத்தால், குற்றவாளி என்று நானே சொன்ன மாதிரி. பேட்டியும் ஆல்பத்துப் பாட்டுமாக ஓட்டினால், நடுவில் அண்ணாச்சியின் அழைப்பு வரும். அதை எடுக்காமல் விட்டால் நிலையம் பொய்க்கு உடந்தை. எடுத்தால் இசக்கி பாடிக் காட்ட வேண்டும். பாடினால் வரப்போவது அந்தப் பழைய அம்மா. யார் பாட்டைக் கொடுத்தாலும் அந்தப் பாட்டுக்காரியின் குரல் வந்து நிற்கிறது. அவர் தன் பாட்டையே, அண்ணாச்சியைப் பார்த்ததும் வேறொருத்தியாகத்தான் பாடினார்.

அப்படியென்றால் யாருமே பாடியிராத ஒன்று வேண்டும்.

நாலு மணி நிகழ்ச்சி எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அணை நீர்மட்டம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, வருகிற தண்ணீர் எவ்வளவு, திறந்துவிடுவது எவ்வளவு, கரையோரம் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஏரல் வரை நெல்லும் வாழையும் வைத்தவர்கள் அதற்காகவே ரேடியோவைத் திருப்புகிறார்கள். அந்தத் தாள் என் கையில் இருந்தது.

சிவப்பு விளக்கு எரிய இரண்டொரு நிமிடம் இருக்கும்போது அதை இசக்கியிடம் நீட்டினேன். "முதல்ல இதைப் பாடிருங்க."

வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைக் கேலி செய்கிறேனா என்று முகத்தில் தேடினார். "அணைத் தண்ணியையா சார்?"

"ஆமா."

"இதுக்கு மெட்டு?"

"கிடையாது. உங்களுக்குத் தோணின மாதிரி."

தாளை மறுபடி பார்த்தார். பிறகு, குழம்பு வை என்றால் சமையல்காரி எந்தக் குழம்பு என்று எப்படித் திருப்பிக் கேட்பாளோ, அவ்வளவு இயல்பாகக் கேட்டார்: "யாரு மாதிரி சார் பாடணும்?"

"இதை இதுவரைக்கும் யாரும் பாடலம்மா" என்றேன்.

நான் துணிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கணக்கு இதுதான். அவர் தன் ஆல்பத்துப் பாட்டைப் பாடித் தோற்றால் ஊர் மறக்காது. அணை நீர்மட்டத்தைப் பாடித் தோற்றால், நிலையத்தில் ஏதோ வேடிக்கை செய்தார்கள் என்று போய்விடும். கெட்டால் என் பெயர்தான் கெடும். நெருக்கடியில் ஒருவரைச் சோதித்தே ஆக வேண்டும் என்றால், தோற்றாலும் அவர் எழுந்து நடந்து போகிற மாதிரி சோதியுங்கள். கையேட்டில் இதை எழுத எனக்குத் தோன்றியதில்லை.

விளக்கு எரிந்தது. வணக்கம் சொல்லி, இன்று அணை நீர்மட்டத்தை இசக்கி சொல்வார் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவுடையப்பன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

இசக்கி விரலால் மேசையில் தட்டிக்கொண்டார். முதலில் கொஞ்சம் தடுமாற்றம். பாபநாசத்தைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் எங்கேயோ வைத்தார். அடி, கன அடி என்று வந்தபோது தாளம் பிடிபட்டது. சேர்வலாற்றில் தோள் இறங்கியது. மணிமுத்தாறுக்கு வந்தபோது அவர் எங்களை மறந்துவிட்டார். கடைசி வரி, கரையோரம் உள்ள மக்கள் குழந்தைகளை ஆற்றில் இறங்க விட வேண்டாம் என்பது. அலுவலகத்தில் யாரோ எழுதிய வறட்டு வாக்கியம். அதை அவர் ஒரு தாய் கரையில் நின்று கத்துகிற மாதிரி மேலே தூக்கினார். 'குழந்தை' என்ற சொல்லில் குரல் கிழிந்தது. கோபம் இல்லை, எதிரே சண்டை போட ஆளும் இல்லை. வேண்டுமென்றே அந்த இடத்துக்குப் போய், கிழித்து, அதே மூச்சில் கீழே இறங்கி வந்தார். அதையே இரண்டாம் முறையும் செய்தார், இன்னும் உயரத்தில்.

ஆல்பத்தின் குரல். சந்தேகிக்க நான் எவ்வளவோ முயன்றேன், இடம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு பேட்டி தானாக ஓடியது. இந்தக் குரலை அந்த இளைஞர்கள் எங்கே கேட்டார்கள் என்றேன். "ஒரு கொடையில கரண்டு போயிட்டு சார். ஜெனரேட்டர்க்காரன் எங்கனயோ போயிட்டான். வயக்காட்டுக்கு அந்தப் பக்கம் நின்னவன நான் இங்கன நின்னு சத்தம் போட்டு வைஞ்சேன். மறுநா ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாவ. அக்கா, அவன வைஞ்ச மாதிரியே ஒரு பாட்டுப் பாடுங்கன்னாவ."

தொலைபேசிகள் ஒளிர்ந்துகொண்டே இருந்தன. முதல் அழைப்பு ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு விவசாயி: "பாட்டு நல்லா இருந்துச்சு, ஆனா தண்ணி எவ்வளவு தொறந்திருக்காவன்னு வெளங்கல. திருப்பி ஒருக்கா சும்மா வாசிங்க." என் வறண்ட குரலில் வாசித்தேன். அடுத்தது சென்னைக்காரர். "சார், அந்த டேம் சாங் ஆல்பத்துல இல்லையே? ஈவ்னிங் அதையும் பாடச் சொல்லுங்க. ஷோ கன்ஃபர்ம்." பின்னால், அரசு அறிவிப்பை அனுமதியின்றி இசைவடிவில் ஒலிபரப்பியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எந்தப் பத்தியின் கீழ் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கோமதிநாயகத்தின் அழைப்பு மட்டும் வரவில்லை.

இன்றைக்கும் யோசிக்கிறேன். பொய் சொல்கிறவரைப் பிடிக்கத்தான் நாம் இவ்வளவு பழகியிருக்கிறோம். அன்று அங்கே பொய் சொன்னவர் யாரும் இல்லை. கோமதிநாயகம் தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார். குரல் தேர்வுக்கு உட்கார்ந்தவர்களும் தாங்கள் கேட்டதைத்தான் எழுதினார்கள். நம் தேர்வில் யாராவது ஒருவர், சினிமாப் பாட்டைத் தவிர வேறு ஏதாவது பாடு என்று கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று நடைமுறையில் இல்லை. எதிரில் இருப்பவர் யோக்கியர் என்று தெரிந்தபின்னும் சந்தேகத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள். அவர் சொல்வது மெய்யா என்று கேட்டபின், அவருக்கு அது எப்படித் தெரியும் என்றும் கேளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து இசக்கியை வெளியே அழைத்து வந்தேன். வாசலில் மைதானத்துக்கு வண்டி நின்றது. பார்வையாளர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கோமதிநாயகம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கைப்பேசி மடியில் கிடந்தது. எங்களைக் கண்டதும் எழுந்தார். இசக்கியின் முகத்தை, முதல் முறையாகப் பார்க்கிற ஆள் மாதிரி பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் அதற்கெல்லாம் இன்னும் வந்து சேரவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"அப்பம் இருவது வருஷமா எம் பக்கத்துல நின்னு பாடுனது யாரு சார்?"

இசக்கி தோள் பையை ஏற்றிப் போட்டுக்கொண்டார்.

"நீங்க யாரு கொரலக் கேட்டியளோ அவுகதான் அண்ணாச்சி" என்றார்.